ஊசி முனை வேலைக்கு எந்தக் கண்ணாடி?

தங்க நகை செய்யும் பத்தர், கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர், ரவிக்கைத் துணியில் ஆரி வேலை செய்யும் பெண், செல்போனைப் பிரித்து ஈயம் வைக்கும் இளைஞர். பெங்களூரில் இந்த நாலு தொழிலிலும் தமிழர்கள் இருக்கிறார்கள். நகரத்பேட்டை, அவென்யூ ரோடு, அல்சூர், சிவாஜி நகர் என்று எந்தச் சந்தில் நுழைந்தாலும் குனிந்த தலைகளைப் பார்க்கலாம். இவர்களுக்குக் கை ஓடினால்தான் கூலி. கை ஓட வேண்டுமானால் கண் ஒத்துழைக்க வேண்டும்.

அந்தக் கண்ணுக்கு எந்த லென்ஸ் போடுவது என்பதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். கடையில் தொங்குவதில் எது மிகப் பெரிதாகக் காட்டுகிறதோ அதை வாங்கி விடுகிறார்கள். ஒரு வாரம் போட்டுப் பார்க்கிறார்கள். தலைவலி, கழுத்து வலி, கண்ணில் நீர். அப்புறம் அது டிராயருக்குள் போய்விடுகிறது. மறுபடியும் வெறும் கண்ணோடு மல்லுக்கட்டல்.

நாற்பதில் நடப்பது என்ன?

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளம் வயதில் மிருதுவாக இருக்கும். கிட்டத்துப் பொருளைப் பார்க்கும்போது உப்பிக் கொள்ளும். தூரத்தைப் பார்க்கும்போது தட்டையாகும். வயது ஏற ஏற அது இறுகிப் போகிறது. 20 வயதில் 4 அங்குலத்தில் வைத்த பொருளைக் கூடப் பார்க்க முடிந்தவருக்கு, 40 வயதில் 8, 9 அங்குலமாவது தள்ளி வைத்தால்தான் தெரியும். 50 வயதில் கை நீளம் போதவில்லையே என்று தோன்றும். இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். இது நோய் அல்ல. நரை மாதிரி எல்லோருக்கும் வருவது.

ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் இது வரத்தான் செய்கிறது. அவர் பேரேட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் படித்துச் சமாளித்துக் கொள்வார். பத்தரால் அப்படிச் செய்ய முடியாது. ஒரு மில்லி மீட்டர் கல்லைக் கை நீளத்தில் வைத்தால் கல் எது, தூசி எது என்றே தெரியாது. ஆகவே வெள்ளெழுத்தின் முதல் அடி நுண்ணிய வேலைக்காரருக்குத்தான் விழுகிறது. குமாஸ்தா 45 வயதில் கண்ணாடி தேடுவார் என்றால், கல் பதிப்பவர் 38 வயதிலேயே தேட வேண்டியிருக்கும்.

ரயில் எஞ்சின் ஓட்டுபவர்களுக்குக் குறிப்பிட்ட வருடங்களுக்கு ஒரு தடவை கண் பரிசோதனை கட்டாயம். வயது ஏற ஏற அந்த இடைவெளியும் குறையும். தேறினால்தான் வண்டி. பட்டறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அப்படி யாரும் நாள் குறித்துக் கொடுப்பதில்லை. கல் கீழே விழுந்த பிறகுதான் கண்ணைப் பற்றிய பேச்சே வருகிறது.

இதில் கூலி நஷ்டம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் 40 வயது கடந்த 751 தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதிப் பேருக்கு உடனே கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்தார்கள். மறுபாதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலை மற்றவர்களை விட சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. 2018ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' என்ற மருத்துவ இதழில் இது வெளியாயிற்று. அடுத்து வங்காள தேசத்தில் நெசவு, தையல் போன்ற கிட்டத்து வேலை செய்பவர்களிடம் நடந்த ஆய்வு 2024ல் வெளிவந்தது. அதில் கண்ணாடி கிடைத்தவர்களின் வருமானம் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. தேயிலைக் கொழுந்து பறிப்பதற்கே இப்படி என்றால் வைரக் கல் பதிப்பவருக்கு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

"முதலாளிக்குத் தெரியக் கூடாது"

நகரத்பேட்டையில் மாடிப் பட்டறை ஒன்றில் கல் பதிக்கும் பத்தர் ஒருவர். வயது 47. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். பெங்களூர் வந்து 25 வருடங்கள் ஆகின்றன. கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு நாளைக்கு எத்தனை கல் பதிக்கிறாரோ அத்தனைக்குத்தான் பணம்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, அவர் பதித்துக் கொடுத்த மோதிரத்திலிருந்து ஒரு கல் உதிர்ந்து விட்டது. கல்லைப் பிடிக்கும் நாலு கொக்கிகளில் ஒன்று சரியாக மடியவில்லை. கல்லின் விலை கூலியில் பிடிக்கப்பட்டது. அதை விடப் பெரிய கவலை வேறு.

"பார்வை மங்கிடுச்சுன்னு ஒரு தடவை பேச்சு கிளம்பிட்டா போதும். அப்புறம் நல்ல உருப்படி எல்லாம் வேற ஆள் கைக்குப் போயிடும். அதனால யார்கிட்டேயும் மூச்சு விடலை" என்கிறார் அவர்.

பகலில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வேலையை முடித்துக் கொள்வார். விளக்குப் போட்ட பிறகு சின்னக் கல் வந்தால், கூட வேலை செய்யும் மைத்துனரிடம் நைசாகத் தள்ளி விடுவார். "மச்சான், நீங்க அரம் போடுங்க, இதை நான் பாத்துக்கறேன்" என்று அவரும் வாங்கிக் கொள்வார். கூலியும் அங்கேயே போய்விடும். ஏதாவது அடுக்குமாடிக் கட்டடத்தில் காவல் வேலைக்குப் போய்விடலாமா என்று கூட பத்தர் யோசித்திருக்கிறார். 25 வருடக் கைப்பழக்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு!

அவர் சும்மா இருக்கவில்லை. நடைபாதைக் கடையில் "20 மடங்கு" என்று எழுதிய ஒற்றைக் கண் லென்ஸ் வாங்கினார். பிறகு தலையில் மாட்டும் பட்டை லென்ஸ் ஒன்று, நாலு கண்ணாடி மாற்றிப் போடுகிற மாதிரி. இரண்டிலும் தலைவலிதான் மிச்சம். பட்டையில் இருப்பதிலேயே பெரிய லென்ஸைப் போட்டுக் கொண்டு ஊதுகுழலை எடுத்தபோது, முன் முடி பொசுங்கியதுதான் பாக்கி.

பிறகு ஒரு நாள் வீட்டார் வற்புறுத்தலில் கண் பரிசோதனைக்குப் போனார். அங்கே முதலில் கேட்ட கேள்வி, "வேலையை எவ்வளவு தூரத்தில் வைத்துச் செய்வீர்கள்?" பத்தருக்குப் பதில் தெரியவில்லை. 25 வருடமாகச் செய்கிற வேலை, ஆனால் யாரும் அளந்து பார்த்ததில்லை. திரும்பி வந்து, அவர் எப்போதும் போல் உட்கார்ந்து குனிய, கண்ணிலிருந்து கல் வரை மகன் ஒரு நூலைப் பிடித்து அளந்தான். 11 அங்குலம். அந்த நூலை முடிச்சுப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு மறுபடி போனார்.

பரிசோதனையில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. அவருக்கு வெள்ளெழுத்து மட்டும் அல்ல, வலது கண்ணில் சிலிண்டர் குறையும் இருக்கிறது. அதாவது கோடுகள் ஒரு பக்கமாக இழுத்துத் தெரியும். இரண்டு கண்களும் ஒரே பவரில் இல்லை. வெறும் பெரிதாக்கும் லென்ஸ் இந்தக் குறையைத் திருத்தாது. மங்கலையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டும். தலைவலிக்கு அதுதான் காரணம்.

இப்போது அவரிடம் இரண்டு ஏற்பாடுகள். அரம் போட, கம்பி வளைக்க, அந்த நூல் அளவுக்குத் தயாரித்த கண்ணாடி. கல் பதிக்க, சிலிண்டர் சேர்த்த தூரப் பார்வைக் கண்ணாடியும் அதன் மேல் "2 மடங்கு" பட்டை லென்ஸும். பழைய பட்டையேதான். பெரிய லென்ஸைக் கழற்றி விட்டுச் சிறியதைப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். விளக்கு வைத்த பிறகு வரும் கற்களும் இப்போது அவர் கையிலேயே இருக்கின்றன. மைத்துனருக்குக் கொஞ்சம் வருத்தம் என்று பட்டறையில் கேலி பேசிக் கொள்கிறார்கள்.

பவர் கூடினால் தூரம் குறையும்

பத்தர் விஷயத்தில் நடந்ததைப் புரிந்து கொள்ள ஒரு சின்னக் கணக்குப் போதும். லென்ஸின் பவரை டயாப்டர் என்ற அளவில் சொல்வார்கள். கண் மருந்துச் சீட்டில் பிளஸ் 2, பிளஸ் 2.50 என்று எழுதுவது அதுதான். 100ஐ அந்த எண்ணால் வகுத்தால் எத்தனை செ.மீ. தூரத்தில் பொருள் தெளிவாகத் தெரியும் என்பது வந்துவிடும். பிளஸ் 2.50 என்றால் 40 செ.மீ. பிளஸ் 4 என்றால் 25 செ.மீ., அதாவது 10 அங்குலம். பிளஸ் 10 என்றால் 10 செ.மீ., வெறும் 4 அங்குலம்தான்.

இது கண்ணுக்குச் சொந்த சக்தி எதுவும் மிச்சமில்லாதவருக்கு உள்ள கணக்கு. 45, 50 வயதில் கொஞ்சம் சக்தி மிச்சம் இருக்கும். அதில் பாதியைக் கண் உபயோகித்துக் கொள்ளட்டும் என்று விட்டு, அதற்கேற்பப் பவரைக் குறைத்துத்தான் எழுதுவார்கள். ஆகவே கணக்குப் போட்டு நீங்களே பவர் முடிவு செய்து விடாதீர்கள். தூரத்தை மட்டும் அளந்து கொண்டு போங்கள்.

தலைப் பட்டை லென்ஸ்களில் பொதுவாக 1.75 மடங்கு என்பது 14 அங்குலத்தில் தெரியும். 2 மடங்கு 10 அங்குலத்தில். 2.75 மடங்கு 6 அங்குலத்தில். 3.5 மடங்கு 4 அங்குலத்தில். பெரிதாகத் தெரிய வேண்டுமானால் முகத்தை வேலைக்கு மேலே கொண்டு போக வேண்டும் என்று அர்த்தம். 4 அங்குல இடைவெளியில் சுத்தியல் எப்படி ஓங்குவது? ஊதுகுழல் எப்படிப் பிடிப்பது? அது மட்டும் அல்ல. பவர் கூடக்கூடக் கண்ணில் படும் வட்டம் சுருங்கும். மேல் கீழ் தெளிவும் குறையும். கல்லின் முகம் தெளிவாக இருந்தால் கொக்கியின் அடி மங்கலாகும். தலை ஒரு நூல் அசைந்தாலும் எல்லாம் கலங்கும். வேலை நடக்கப் போதுமான மிகக் குறைந்த பவர் எதுவோ அதுவே சௌகரியமானது.

இன்னொரு சங்கதி. படிக்கிற கண்ணாடியைப் போட்டுக் கொண்டு அதன் மேல் பட்டை லென்ஸை மாட்டினால் இரண்டு பவரும் சேர்ந்து கொள்ளும். 10 அங்குல லென்ஸ் 7 அங்குல லென்ஸாகி விடும். பட்டை லென்ஸ் வாங்கியவர்கள் பாதிப் பேர் "கழுத்து ஒடிகிறது" என்று சொல்வது இதனால்தான். பட்டைக்கு உள்ளே தூரப் பார்வைக் கண்ணாடி இருந்தால் சொன்ன தூரத்திலேயே வேலை செய்யலாம். இரட்டைப் பவர் கண்ணாடி போடுபவர்கள் அதன் மேல் பாதி வழியாகப் பார்க்க வேண்டும். அது தலையைத் தொங்கப் போட வைக்கும் என்பதால், பட்டறைக்கென்று தூரப் பவர் மட்டும் உள்ள மலிவான பிரேம் ஒன்று தனியாகப் போட்டுக் கொள்வது உத்தமம்.

மடங்கு என்பதும் நம்பிக்கையான அளவல்ல

"20 மடங்கு", "10 மடங்கு" என்று எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். மடங்கு கணக்கிடுவதில் இரண்டு முறைகள் இருக்கின்றன. டயாப்டரை 4ஆல் வகுப்பது ஒன்று. வகுத்து வந்ததோடு ஒன்றைக் கூட்டிக் கொள்வது மற்றொன்று. பிளஸ் 10 லென்ஸை ஒருவர் 2.5 மடங்கு என்பார், மற்றவர் 3.5 மடங்கு என்பார். இரண்டும் ஒரே லென்ஸ்தான். இரண்டு முறையிலும் சேராமல், வாய்க்கு வந்ததை அச்சடித்து விற்பவர்களும் உண்டு.

கடையிலேயே சோதித்து விடலாம். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரின் பக்கம் போய் நின்று, லென்ஸைச் சுவருக்கு அருகே பிடியுங்கள். ஜன்னலின் உருவம் தலைகீழாகச் சுவரில் விழும். முன்னும் பின்னும் நகர்த்தி அது கூர்மையாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். சுவருக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்து, 25ஐ அந்தச் செ.மீ.யால் வகுத்தால் உண்மையான மடங்கு வந்துவிடும். 5 செ.மீ. என்றால் 5 மடங்கு. அதில் 20 என்று அச்சடித்திருந்தால் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்து விட்டு வரலாம். இந்தச் சோதனையைச் சூரியனை வைத்துச் செய்யாதீர்கள். கையும் சுடும், துணியும் பற்றும்.

ஒற்றைக் கண்ணா, இரட்டைக் கண்ணா?

கடிகாரக்காரர்கள் கண்ணில் இடுக்கிக் கொள்ளும் கறுப்புக் குவளை லென்ஸ் பழைய சாமான்தான். ஆனால் இன்றும் அதற்கு இணை கிடையாது. 3 அங்குலத்தில் தெரிவது 3.3 மடங்கு. ஹேர் ஸ்பிரிங்கைப் பார்க்க இது போதும். பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை 1961ல் தொடங்கியபோது ஒரு தலைமுறையே இந்த வேலையைக் கற்றுக் கொண்டது. 2016ல் கடிகாரப் பிரிவையே மூடுவது என்று முடிவாயிற்று. ஆனால் கையால் சாவி கொடுக்கும் பழைய 'ஜனதா', 'பைலட்' கடிகாரங்களைத் தேடிப் பிடித்துக் கட்டுகிற இளைஞர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். ரிப்பேர்க்காரருக்கு வேலை இருக்கிறது.

ஒற்றை லென்ஸில் இரண்டு தப்பு நடக்கும். ஒன்று, புருவத்தையும் கன்னத்தையும் இறுக்கி மணிக்கணக்கில் பிடித்துக் கொள்வது. மாலையில் நெற்றிப்பொட்டில் வலி எடுக்கும். லென்ஸைத் தாங்கும் மெல்லிய கம்பி வளையம் தனியாகக் கிடைக்கிறது, தலையைச் சுற்றி மாட்டிக் கொள்ளலாம். மூக்குக் கண்ணாடியில் கொளுவிக் கொள்ளும் மாதிரியும் உண்டு. இரண்டாவது தப்பு, மற்றக் கண்ணை மூடிக் கொள்வது. அது திறந்தே இருக்க வேண்டும். முதல் வாரம் இரண்டு காட்சியும் குழம்பும். பிறகு மூளை தேவையில்லாததை ஒதுக்கி விடும். வேர்வையில் ஆவி படிந்தால் பக்கத்தில் துளை உள்ள லென்ஸாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஒற்றைக் கண்ணில் ஆழம் தெரியாது. கொக்கி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, ஊசி எங்கே இறங்குகிறது என்பது இரண்டு கண்ணும் சேர்ந்தால்தான் பிடிபடும். அதனால் கல் பதிப்பு, பூ வேலை, ஈயம் வைப்பது எல்லாவற்றுக்கும் தலைப் பட்டை லென்ஸ் தேவலை. வேண்டாதபோது மேலே தூக்கி விட்டு எதிரில் நிற்பவரோடு பேசலாம். ஆனால் 4 அங்குலத்துக்கு வந்துவிட்டால் இரண்டு கண்களும் மூக்கை நோக்கித் திரும்ப வேண்டியிருக்கும். கண்ணிமைக்குப் பின்னால் இழுக்கிற மாதிரி வலி அதனால் வருவது. இரட்டையாகவும் தெரியும். இதைச் சமாளிக்கப் பட்டகம் சேர்த்த அரைக் கண்ணாடிகள் இருக்கின்றன. உள்பக்கம் கனமாக இருக்கும் அந்த லென்ஸ், கண் திரும்ப வேண்டிய வேலையைத் தானே கொஞ்சம் செய்து விடும். கண் பரிசோதகரிடம் எழுதி வாங்க வேண்டும்.

பல் டாக்டர்கள் போடும் குட்டித் தொலைநோக்கி வைத்த கண்ணாடியைப் பார்த்திருப்பீர்கள். அது பெரிதாகவும் காட்டும், 16 அங்குல தூரமும் கொடுக்கும். கழுத்து நிமிர்ந்தே இருக்கும். விலைதான் எட்டாது. நல்லதை அவரவர் அளவுக்குச் செய்து வாங்க வேண்டும் என்பதால், கல் பதிப்பில் பெரிய உருப்படி எடுப்பவர்களுக்கு மட்டும் கட்டுபடியாகும்.

செல்போன் பலகையில் ஈயம் வைப்பவர்களுக்கு எந்தக் கண்ணாடியும் போதாத காலம் வந்துவிட்டது. அங்கே உள்ள பொடிச் சாமான்கள் ரவையை விடச் சிறியவை. இரு கண் மைக்ராஸ்கோப்தான் வழி. எஸ்.பி. ரோடு கடைகளில் கிடைக்கிறது. அடியில் 0.5 லென்ஸ் ஒன்றைத் திருகிக் கொண்டால் கை நுழைய இடம் அதிகமாகும். ஈயப் புகை நேராக மூக்குக்கு வராமல் பக்கத்தில் ஒரு சின்ன மின்விசிறி அவசியம்.

ஆரி வேலைப் பெண்களுக்கு

வீட்டில் இருந்தபடியே ரவிக்கைக்கு ஆரி வேலை செய்யும் பெண்கள் இப்போது தெருவுக்கு நாலு பேர். மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, 14 அல்லது 16 அங்குலத்தில் வைத்துச் செய்கிறார்கள். இவர்களில் பலருக்குப் பெரிதாக்கும் லென்ஸே தேவையில்லை. அந்தத் தூரத்துக்குச் சரியான சாதாரணக் கண்ணாடி போதும். கல்யாண சீசனில் ராத்திரி 11 மணி வரை உட்காருபவர்கள், குழல் விளக்கின் கீழ் கறுப்புப் பட்டில் கறுப்பு நூலைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக் கொள்கிறார்கள். அறுபது வயதுக் கண்ணுக்கு இருபது வயதுக் கண்ணைப் போல் சுமார் மூன்று மடங்கு வெளிச்சம் வேண்டும். வலது கைக்காரருக்கு இடது பக்கத்திலிருந்து விளக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் கையின் நிழல் ஊசி மேல் விழும். ஜமிக்கியும் தங்கமும் கண்ணைக் கூசினால் விளக்கின் முன் ஒரு வெள்ளைத் தாளை மறைப்பாக வைத்தால் போதும். தாள் விளக்கைத் தொடாமல் இருக்கட்டும்.

இன்னும் நுணுக்கம் வேண்டுமானால் விளக்கு வைத்த மேஜை லென்ஸ் நல்லது. அதில் 3 டயாப்டர், 5 டயாப்டர் என்று எழுதியிருக்கும். முதலாவது போதும். அகலமாகத் தெரியும், தலையில் கனம் எதுவும் இல்லை.

நூறு, இருநூறு ரூபாய்க்கு விற்கும் ரெடிமேட் கண்ணாடியை ஒரேயடியாகத் தள்ள வேண்டியதில்லை. இரண்டு கண்ணும் ஒரே பவர், சிலிண்டர் இல்லை, விழிகளுக்கு நடுவே உள்ள தூரம் நடுத்தரம் என்றால் அதுவே போதும். இந்த மூன்றும் தனக்குப் பொருந்துகிறதா என்று தெரிய ஒரு தடவையாவது பரிசோதனை செய்து கொண்டாக வேண்டும்.

தலையில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்

மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. அதைக் குனிந்தபடி தாங்குவது கழுத்து. அதன் நெற்றியில் இன்னும் கனத்தை மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பட்டை லென்ஸை வாங்குவதற்கு முன் கடையிலேயே 10 நிமிஷம் மாட்டிக் கொண்டு நில்லுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். கனம் நெற்றியிலும் பின் தலையிலும் பரவி உட்கார வேண்டும். மூக்கில் உட்காரக் கூடாது. குனிந்தால் சரியக் கூடாது. நெற்றியில் படும் வேர்வைப் பட்டை கழற்றித் துவைக்கும் மாதிரி இருக்க வேண்டும்.

பிறகு பத்திரிகையின் வரி விளம்பரத்தைப் படித்துப் பாருங்கள். ஓரங்களில் எழுத்து வளைகிறதா, நிறம் கசிகிறதா? ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே தெளிவு இருக்க வேண்டும். கண்ணாடி லென்ஸ் கனம், ஆனால் கீறல் விழாது. பிளாஸ்டிக் இலேசு, பட்டறைத் தூசியில் சட்டைத் துணியால் நாலு தடவை துடைத்தால் போயிற்று. எதுவானாலும் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே துடைக்க வேண்டும். சேர்ந்தாற்போல் எரியும் குட்டி விளக்கு வைத்தது கவர்ச்சியாக இருக்கும். பாட்டரியின் கனமும் சேர்ந்து தலையில்தான் ஏறும் என்பதை மறக்க வேண்டாம்.

உட்காரும் முறையையும் கவனிக்க வேண்டும். தலை வேலைக்கு இறங்கக் கூடாது, வேலை கண்ணுக்கு ஏற வேண்டும். தரையில் உட்கார்ந்து செய்பவர்கள் பலகைக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்தாலே பாதிக் கழுத்து வலி போய்விடும். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி எதிர்க் கட்டடத்தைப் பாருங்கள். உற்றுப் பார்க்கும்போது கண் இமைப்பது குறைந்து விடும். உறுத்தலுக்கு அதுதான் காரணம். வேண்டுமென்றே நாலு தடவை இமையுங்கள்.

சில பயங்களும் சில நிஜ ஆபத்துகளும்

கண்ணாடி போட்டால் பவர் ஏறிக் கொண்டே போகும் என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது. 40 வயதுக்கு மேல் கண்ணாடி போட்டாலும் ஏறும், போடாவிட்டாலும் ஏறும். பெரிதாக்கும் லென்ஸும் கண்ணைக் கெடுக்காது. கிட்டப் பார்வைக்காரர்களுக்கு ஒரு யோகம் உண்டு. மைனஸ் 4 போட்டவர் அதைக் கழற்றி விட்டாலே 10 அங்குலத்தில் தெளிவாகப் பார்ப்பார். கடவுள் கொடுத்த லென்ஸ்!

நிஜமான ஆபத்து வேறு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வாரத்துக்கு வாரம் பார்வை மாறும். சர்க்கரை கட்டுக்கு வந்த பிறகுதான் கண்ணாடி எழுத வேண்டும். விழித்திரையையும் வருடத்துக்கு ஒரு முறை பார்த்துவிட வேண்டும். கண் நீர் அழுத்த நோய் வலிக்காமலே பார்வையைத் தின்று விடும், லென்ஸ் கடையில் அதைக் கண்டு பிடிக்க மாட்டார்கள். திடீரென்று மின்னல் வெட்டுவது போலவோ, திரை விழுவது போலவோ தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். பெரிதாக்கும் லென்ஸ் பாதுகாப்புக் கண்ணாடி அல்ல. கம்பி வெட்டும்போதும், சாணை பிடிக்கும்போதும் தெறிப்பது ஓரத்து வழியாகக் கண்ணுக்குள் போய்விடும். அதற்குத் தனிக் கண்ணாடி போட வேண்டும்.

எங்கே போவது?

சாமராஜபேட்டையில் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் உள்ள மின்டோ கண் ஆஸ்பத்திரி 1896ல் தொடங்கியது. அரசு ஆஸ்பத்திரி. கூட்டம் இருக்கும், ஒரு நாள் கூலி போகும். ஆனால் கண்ணை முழுக்கப் பார்த்து விடுவார்கள். தமிழில் சொன்னாலும் புரிந்து கொள்ள ஆள் இருப்பார்கள்.

கருவி வாங்கப் பணம் இல்லை என்பவர்கள் மத்திய அரசின் 'பி.எம். விஸ்வகர்மா' திட்டத்தை விசாரிக்கலாம். 2023 செப்டம்பரில் தொடங்கியது. 18 கைத்தொழில்களில் பொற்கொல்லர் தொழிலும் ஒன்று. பதிவு செய்தவர்களுக்குப் பயிற்சிக் காலத்தில் நாளுக்கு 500 ரூபாயும், கருவி வாங்க 15,000 ரூபாய் வரை மின் சீட்டும், 5 சதவீத வட்டியில் கடனும் உண்டு. குடும்பத்தில் ஒருவருக்குத்தான். கருவிப் பெட்டி வாங்கும்போது லென்ஸையும் கேட்டுப் பாருங்கள்.

பரிசோதனைக்குப் போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். முடிச்சுப் போட்ட நூல், இப்போது போடும் கண்ணாடி, வேலை செய்கிற பொருளில் ஒரு சின்னத் துண்டு. பத்தர் ஒரு பித்தளை மோதிரம் கொண்டு போகட்டும், ஆரி வேலைப் பெண் நாலு மணி கோத்த துணி கொண்டு போகட்டும். சோதனை லென்ஸைப் போட்டதும் அதைக் கையில் எடுத்து, பட்டறையில் குனிகிற மாதிரியே குனிந்து பாருங்கள். அங்கே சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையைப் படித்து விட்டு வருவதில் பத்தருக்குப் பாதி வேலைதான் முடியும்.

வாங்கி வந்த லென்ஸை இரவில் துணி போட்டு மூடி வையுங்கள். ஜன்னல் ஓரத்தில் திறந்து வைத்தால் காலை வெயில் அதன் வழியாகக் குவிந்து கீழே உள்ள பஞ்சையோ பட்டையோ பொசுக்கி விடும்.